இரண்டாம் தட்டை முதலில் போடும் ஊர்

என் பீரோவில் இருக்கும் ஜாக்கெட்டுகளைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு டைப்பிஸ்டுக்கு இத்தனை ஜாக்கெட் எதுக்குடி என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். கண்ணமங்கலத்தில் தையல்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் நான் துணியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி கணியம்பாடிக்குத்தான் போவேன். அங்கே தைப்பவர் ரேணுகாக்கா. உண்மையைச் சொன்னால் அக்கா தையலில் சுமார் ரகம்தான், கைப்பக்கம் எப்போதும் இறுக்கமாகப் போய்விடும். நான் போவது தையலுக்காக இல்லை. ரேணுகாக்கா ஒரு காலத்தில் ‘பூமயில்’ நாடகத்தில் பூமயிலாக நடித்துப் பாடியவர். நான் அந்த நாடகத்தின் ரசிகை.

அப்படி ஒரு நாடகம் வந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. வேலூரில் ஐந்தே நாள் நடந்தது. நான் அப்போது அங்கே ஹாஸ்டலில் தங்கி டைப் படித்துக்கொண்டிருந்தேன், ஐந்து நாளும் போனேன். முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் கதை, நடுநடுவே நாலு வரி பேச்சு. வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு மழைக்காலத்தில் ஊரை விட்டுப் போன பூமயில், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து அப்பா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அப்பா திறக்கிறார். அவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. பிறகு பெருமழை பெய்து ஏரிக்கரை உடைகிறது. உடைப்பை அடைக்க இறங்கிய பூமயில் செத்துப்போகிறாள். ஊரே சுற்றி நின்று ஒப்பாரி வைக்கிறது. அதோடு திரை.

திரைக்கு இந்தப் பக்கம் யாரும் அழவில்லை. நாலு தமாஷுக்காக வந்த ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஐந்தாம் நாள் பாதிக் கொட்டகை காலி. ரேணுகாக்கா செத்துக் கிடக்கிறார், ஒப்பாரி நடக்கிறது, பின் வரிசையில் ஒருவன் எழுந்து, “செத்தது போதும் எழுந்திரும்மா, கடைசி பஸ்சு போய்டும்” என்றான். கொட்டகையே சிரித்தது. அப்புறம் ஆளாளுக்கு, “எழுந்திரும்மா, எழுந்திரு” என்று கைதட்டத் தொடங்கினார்கள். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். பிணமாகப் படுத்திருந்தவரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியதைப் பார்த்தேன். அன்றோடு நாடகம் நின்றது. அன்றோடு ரேணுகாக்கா பாடுவதும் நின்றது. அவர் கடையில் ரேடியோகூடக் கிடையாது.

மிஞ்சியது ஒன்றுதான். நாடகம் மேடையேறும் முன்பே, அதை நடத்தியவர் ஆசை ஆசையாக, நடித்தவர்களையே பாட வைத்து இரண்டு பெரிய இசைத்தட்டுகளாகப் பதிவு செய்திருந்தார். அதுவும் விற்கவில்லை. நான் வாங்கினேன். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அதில் மூச்சு விடும் இடம்கூட மனப்பாடம். ஒப்பாரியில் ஓரிடத்தில், பக்கவாத்தியக்காரர் யாரோ அடக்க முடியாமல் லேசாக இருமியிருப்பார். அந்த இருமல் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எனக்கொரு கர்வம்.

கர்வம் உடைந்தது ஒரு பங்குனி மாதத்தில். எண்பதுகள் பிறந்திருந்த சமயம். டேப் ரிகார்டர் வந்து, எல்லாரும் இசைத்தட்டுகளைப் பழைய சாமான் கடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோளில் துண்டோடு ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேர் காளியப்பன், ஜவ்வாது மலையில் புளிக்கொல்லை என்ற ஊரில் மைக் செட் வைத்திருப்பவர். வேலூரில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு கடைக்காரர், அந்தத் தட்டை வாங்கின பைத்தியம் ஒன்று கண்ணமங்கலத்தில் இருக்கிறது என்று என் விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“பூமயில் தட்டு இருக்குதுங்களா?” என்றார்.

“அது எப்பிடிங்க உங்களுக்குத் தெரியும்?”

“இன்னாங்க இப்பிடிக் கேக்கறீங்க. எங்க பக்கத்துல பூமயில் தெரியாத ஆளே கெடையாது. வருசா வருசம் அம்மன் திருவிழாவுக்கு அந்தத் தட்டப் போட்டுத்தான் நாங்க நாடகம் ஆடறோம். இந்த வருசம் ஒரு தட்டு மேல புளி மூட்டை விழுந்து ஒடஞ்சி போச்சிங்க. கதவு தட்டற பாட்டு இருக்குமே, அந்தத் தட்டு. திருவிழாவுக்கு மட்டும் குடுத்தீங்கன்னா, பத்திரமா கொண்டாந்து குடுத்துட்றேன்.”

கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன். தட்டைக் கொடுக்க மனசு வரவில்லை. “நீங்க போங்க. திருவிழாவுக்கு மொத நாளே நானே எடுத்துக்கிட்டு வர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைக்கே கணியம்பாடிக்கு ஓடினேன்.

ரேணுகாக்கா மிஷினை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், “கிண்டலுக்கு ஆடறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியலக்கா. அந்த ஆளப் பாத்தா அப்பிடித் தெரியல.”

கையில் இருந்த தையலை முடித்தார். பிறகு நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, “சரி, நானும் வர்றேன். ஆனா ஒண்ணு தனம். நான் யாருன்னு நீ அங்க வாயத் தொறக்கக் கூடாது. பாடுங்கன்னு கேக்கவும் கூடாது. கேட்டேன்னு வெச்சிக்க, அப்பறம் உன் துணிய நான் தொட மாட்டேன்” என்றார். நான் அம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

போளூரில் மாறி மலை பஸ் ஏறியபோதே ஒன்று புரிந்தது. எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவோம். இது வேறு மாதிரி. யார் வீட்டு மாடு சினை, யாருக்குப் பெண் பார்த்தார்கள் என்று முன் வாசலில் இருப்பவர் பின் வாசலில் இருப்பவரிடம் செய்தி கேட்டுக்கொண்டு வந்தார். நடுவில் கோழிக்கூடை, உப்பு மூட்டை, ஒரு வெள்ளாடு. ஆடு என் முந்தானையை ரொம்ப மரியாதையாகத் தின்னப் பார்த்தது. நான் மஞ்சள் பையில் புடவைக்குள் சுற்றிய இசைத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் நல்ல பையன். “அக்கா, இந்தக் கூட்டத்துல அது ஒடஞ்சிடப் போவுது. குடுங்க, முன்னாடி பத்திரமா வெக்கிறேன்” என்று வாங்கிப் போனான். நான் நன்றிகூடச் சொன்னேன்.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் கேட்பதற்கு முன்பே ஆளாளுக்குத் தாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ரேணுகாக்காவும் தூக்குச்சட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கையில் இருந்த தயிர்சோற்றை ஒரு கிழவருக்கும் பேத்திக்கும் பாதி கொடுத்தார். கீழே எங்கள் ஊர்களெல்லாம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன. மேலே காற்றுக்கு மூங்கில் கிரீச்சிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் இந்த மலையை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பஸ் கிளம்பும்போதுதான் பையைப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் இரும்பு மூடி போட்ட இன்ஜின் இருக்கும் இல்லையா, அதன் மேலே, மற்ற மூட்டைகளுக்கு அடியில் என் மஞ்சள் பை இருந்தது. தொட்டால் கை சுட்டது. பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

பஸ் நின்ற இடத்தில் காளியப்பன் காத்திருந்தார். பையை வாங்கித் துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். காட்டுப் பாதையில் நடந்தோம். எதிரே வந்தவர்கள், கொல்லையில் புளி உலுக்கிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “தட்டு வந்துட்டுதா?” எங்களை யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. விறகுக் கட்டோடு போன ஒரு பெண் பூமயிலின் கல்யாணப் பாட்டைப் பாடிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். சங்கதி பிசகவில்லை. ரேணுகாக்கா நின்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் வளைவில் மறையும்வரை பார்த்தார்.

ஊருக்குள் போனதும் காளியப்பனின் மனைவி முனியம்மா வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தாள். இடுப்பில் இருந்த பேத்தியின் பேர் கேட்டேன். பூமயில். பக்கத்து வீட்டிலும் ஒரு பூமயில், மேட்டு வீட்டில் ஒன்று. அந்த வீட்டுக் கறவை ஆட்டுக்கும் அதே பேர்தான் என்று முனியம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவு தட்டற பாட்டுதானே நாடகத்துக்கு ஆரம்பம். அது ஒடஞ்சதால நாளைக்கு ஆரம்பிக்கவே முடியாதுன்னு கவலப்பட்டீங்களா?” என்று காளியப்பனைக் கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “ஆரம்பமா? அது முடிவுங்க.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய சாமான் கடையில் அவர் வாங்கும்போதே தட்டுகள் மழையில் நனைந்து, நடுவில் ஒட்டிய காகிதம் உரிந்து போயிருக்கிறது. எது முதல், எது இரண்டு என்று யாருக்குத் தெரியும்? கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறார். இரண்டாம் தட்டு முதலில் ஓடிவிட்டது. ஆக, புளிக்கொல்லையில் கதை பெருமழையில் ஆரம்பிக்கிறது. ஏரிக்கரை உடைகிறது, பூமயில் உடைப்பில் இறங்கிச் சாகிறாள், ஊர் அழுகிறது. அப்புறம் முதல் தட்டு. செத்துப்போனவள் திரும்பி வந்து அப்பா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அப்பா திறக்கிறார். கடைசியில் கல்யாணம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “நீங்க மாத்திப் போட்டுட்டீங்க. அவ சாவறதுதான் முடிவு” என்றேன்.

காளியப்பனுக்குக் கோபம் வரவில்லை. என் மேல் பரிதாபம்தான் வந்தது. “செத்தவள அப்பிடியே படுக்க வெச்சிட்டு, மைக் செட்டக் கழட்டிக்கிட்டு யாருனா வூட்டுக்குப் போவாங்களாங்க?”

வேலூரில் நாங்கள் எல்லாரும் அதைத்தானே செய்தோம். அக்காவைப் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் தட்டைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று காளியப்பன் பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பேட்டரியைச் செங்கத்துக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். வாசலில் ஊரே கூடிவிட்டது. நான் புடவையைப் பிரித்தேன். என் பொக்கிஷம், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

முள்ளை வைத்தார். அது ஒரு வார்த்தை பாடி, துள்ளி, கரகரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒருத்தர் மட்டும், “பலகைக்கு நடுவுல வெச்சி அம்மிக்கல்ல ஏத்துனா நிமுந்துடும்” என்றார். அப்படியே செய்தார்கள். இசைத்தட்டு மேல் அம்மிக்கல் ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முனியம்மா எங்களுக்குச் சாமைச்சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டாள். சாமைச்சோறு நம் அரிசி மாதிரி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகாது, நிதானமாக மென்றால்தான் அதன் ருசி. கடைசலில் காட்டு நெல்லிக்காய் போட்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தப் புளிப்பு நாக்கில் இருக்கிறது. பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: “தட்டு போனா போவுது, நீ அழாத தாயி. அத பாடுன பொண்ணே போய்ட்டுது, தட்டு எம்மாத்திரம்.”

“எந்தப் பொண்ணு?” என்று கேட்டது ரேணுகாக்கா.

“பூமயிலா பாடுச்சே, அதுதான். உசுரோட இருந்தா இன்னும் ரெண்டு தட்டு வந்திருக்காதா? இம்மாங் கொரல வெச்சிக்கிட்டு ஒருத்தி சும்மா இருப்பாளா? எப்பவோ செத்திருக்கும். நாங்க வருசா வருசம் அது பேருக்கும் சேத்துத்தான் வெளக்கேத்தறோம்.”

அக்கா சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியம் செய்து தொலைத்திருந்தேனே. என் ஆயுசில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அம்மிக்கல்லை இறக்கினார்கள். தட்டு நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் நடுவிலிருந்து விளிம்புவரை விரிசல். ஊர்க்கவுண்டர் வந்து பார்த்தார். பூமயிலின் அப்பாவாக வருஷாவருஷம் வேஷம் கட்டுபவர் அவர்தான். “இருக்கிற தட்டப் போடுவோம். அவ செத்ததும் பம்பையத் தட்டிட்டுக் கலஞ்சிடுவோம்” என்றார்.

“அப்ப இந்த வருசம் அவ செத்தவ செத்தவதானா?” என்று முனியம்மா கேட்டாள். கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்தால், வீட்டில் நிஜமாகவே ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

நாங்கள் அருவிப் பக்கம் குளிக்கப் போனோம். போகிற வழியெல்லாம் நான் எதையெதையோ பேசினேன், பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. அக்காவே நின்று, “தனம், எட்டு வருசமா நான் தாலாட்டுகூடப் பாடல. எனக்குக் கொரலே இருக்காதுடி” என்றார். நான் கேட்கவே இல்லை என்றேன். “நீ கேக்கல. உன் மூஞ்சி கேக்குது” என்று சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

அந்த ஊரில் நாடகம் பட்டப்பகலில்தான். இருட்டினால் கரடி நடமாட்டம். தூரத்து ஊர்க்காரர்கள் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும். உச்சி வெயிலில் பெரிய புளியமரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர். ஆடுகளத்தின் ஓரத்தில் மூங்கில் பிளாச்சில் பின்னிய ஒரு படல், அதுதான் அப்பா வீட்டுக் கதவு. மீசையை எடுத்துவிட்டு, சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கோவிந்தன் என்பவர் பூமயிலாக நின்றார். முதல் நாள் எங்களுக்குப் பலாப்பிஞ்சு கொண்டுவந்து கொடுத்த அதே ஆள். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

காளியப்பன் இரண்டாம் தட்டைப் போட்டார்.

ரேணுகாக்காவின் குரல் மரத்தின் மேலிருந்து கிளம்பி எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. நான் அந்தப் பாட்டை ஆயிரம் முறை கேட்டிருப்பேன், என் அறையில், சின்னப் பெட்டியில். இப்படி ஒரு மலையே பாடிக் கேட்டதில்லை. அக்கா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கோவிந்தன் வாயசைத்தார். அவரோடு சேர்ந்து கூட்டம் மொத்தமும் வாயசைத்தது. மழை வரியில் எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். கரை உடைந்தபோது கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்கள். கோவிந்தன் உடைப்பில் இறங்கி விழுந்து படுத்தார். ஒப்பாரி எழுந்தது. அழுதார்கள் என்றால் அப்படி அழுதார்கள். நடுவில், என்னுடைய அந்த இடம் வந்தது. பக்கவாத்தியக்காரர் இருமும் இடம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும், தாளம் தப்பாமல், லேசாக ஒரு இருமல் இருமினார்கள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த இருமலை ஒரு மலையே சேர்ந்து இருமுகிறது.

தட்டு முடிந்தது. முள் கரகரவென்று சுற்றியது. காளியப்பன் அதைத் தூக்கினார்.

இந்த இடத்தில் அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது, அது எங்களுக்குத் தெரியாது. தட்டு மாற்றக் கொஞ்ச நேரம் பிடிக்கும் இல்லையா? அந்த இடைவெளியில் ஜனங்கள் பிணத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்களாம், அடுத்த தட்டு பாடத் தொடங்கும்வரை. யார் ஆரம்பித்து வைத்ததோ, அது சடங்காகவே ஆகிவிட்டது.

முனியம்மாதான் முதலில் கூப்பிட்டாள். “எழுந்திரும்மா.”

பிறகு எல்லாரும். “எழுந்திரும்மா, எழுந்திரு. செத்தது போதும் தாயி, எழுந்திரு.”

வேலூர்க் கொட்டகையில் கேட்ட அதே வார்த்தைகள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, வளையல் அழுந்தி வலித்தது. எழுந்து ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இங்கே யாரும் சிரிக்கவில்லை. கைகூப்பிக்கொண்டு கூப்பிட்டார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு கூப்பிட்டார்கள். பம்பைக்காரர் குச்சியைத் தூக்கியவர், அடிக்க மனசு வராமல் நின்றார். கோவிந்தன் வெயிலில் அசையாமல் கிடந்தார், பாட்டு வராமல் அவர் எப்படி எழுந்திருப்பார்? காளியப்பன் விரிசல் விட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார். கூப்பிடுவது நிற்கவே இல்லை. “எழுந்திரும்மா. எழுந்திரு.”

என் மணிக்கட்டிலிருந்த பிடி விட்டது. ரேணுகாக்கா எழுந்து நின்றார்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, “மழையோட போனவ, வெயிலோட வந்திருக்கேன்...” என்று தொடங்கினார். குரல் கரகரத்தது, ஓரிடத்தில் உடைந்தது. ஆனால் அதே குரல்தான். பின்னால் இருந்தவர்கள் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது. முனியம்மாவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

அக்கா பாடிக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தார். வழி விட்டார்கள். கோவிந்தன் எழுந்து உட்கார்ந்து, வாயசைக்க மறந்து, கும்பிட்டுக்கொண்டே ஓரமாக ஒதுங்கினார். படலுக்கு முன்னால் வந்து நின்று, “வாசல்ல நிக்கிறேன், கதவத் தெறங்கப்பா” என்று பாடி, அக்கா அடுத்த வரிக்குப் போனார். கூட்டம் போகவில்லை. “கதவத் தெறங்கப்பா” என்று அவர்கள் மறுபடி பாடினார்கள். அக்கா திகைத்து நின்றார். புளி மூட்டை விழுந்து உடைந்துபோன அவர்களுடைய தட்டில் அந்த வரியில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. முள் அங்கே சிக்கி மூன்று முறை அதே வரியைப் பாடிய பிறகுதான் காளியப்பன் விரலால் நகர்த்திவிடுவார். அவர்களுக்கு அதுதான் பாட்டு. மூன்று முறை கேட்டால்தான் கதவு திறக்கும்.

அக்காவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அவர்களோடு சேர்ந்து மூன்றாம் முறை பாடினார், முழுக் குரலில்.

கவுண்டர் படலைத் திறந்தார். இத்தனை வருஷமும் அவர் வாயை மட்டும் அசைத்தவர். அப்பாவின் பேச்சைத் தட்டுதான் பேசும். இன்றைக்குத் தட்டு இல்லை. அவர் எதிரே நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார். நாடகத்தில் அப்பா கேட்கும் கேள்வியைத் தன் சொந்தக் குரலில் கேட்டார்.

“யாரு, பூமயிலா? உசுரோடதான் இருக்கியா?”

நாடகத்தில் பூமயிலுக்கு இருக்கும் பதிலைத்தான் ரேணுகாக்காவும் சொன்னார். ஆனால் அதை அவர் நடிப்புக்காகச் சொல்லவில்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

“இருக்கேம்பா.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். பெண்கள் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முனியம்மா கன்னத்தைக் கிள்ளியே பார்த்தாள். கல்யாணப் பாட்டுகளை ஊரே சேர்ந்து பாடி முடித்தது, அக்காவுக்கு வேலையே வைக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு அவரவர் ஊருக்கு நடந்தார்கள். காளியப்பன் விரிசல் விட்ட என் தட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் இறங்கும் பஸ்ஸில் அதே கண்டக்டர் பையன். முனியம்மா கொடுத்த தேன் பாட்டிலை வாங்கிப் பத்திரமாக முன்னால் வைக்கிறேன் என்றான். தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்றேன். ரேணுகாக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கதவத் தெறங்கப்பா, கதவத் தெறங்கப்பா, கதவத் தெறங்கப்பா.

இத்தனை வருஷ ரசிகைக்கு அது பொறுக்குமா? “அக்கா, அந்த வரி ஒரு தடவதானே?” என்றேன்.

அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்: “ஒரு தடவ கேட்டேன், எவன் தெறந்தான்? இனிமே மூணு தடவதான்.”